அரை முடி அளவு இடைவெளி: சிறிய பைக் எஞ்சின் எப்படித் தேய்கிறது, எப்படித் தப்பிக்கிறது

ஓடி ஓய்ந்த 100 சிசி எஞ்சின் ஒன்றின் சிலிண்டரைக் கழற்றி, துடைத்து, மேசைமேல் வையுங்கள். அதன் உள்சுவரில் விரல் நகத்தை மேல்விளிம்பிலிருந்து மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். சில மில்லிமீட்டர் இறங்கியதும் நகம் ஒரு சிறிய படியில் இடறும். கண்ணுக்கு அது மங்கலான வளையக் கோடாகத்தான் தெரியும், நகத்துக்குத் தப்பாது. அந்தப் படிக்கு மேலே இருக்கும் சுவரை, பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் உலோக வளையமான பிஸ்டன் ரிங் ஒருநாளும் தொட்டதில்லை. அது தொழிற்சாலையிலிருந்து வந்த அளவிலேயே இருக்கிறது. படிக்குக் கீழே இருப்பது தேய்ந்துபோன சுவர்.

எஞ்சின் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் காட்டுவேன். மேலே மட்டும் ஏன் இவ்வளவு தேய்மானம், நடுவில் ஏன் குறைவு என்ற கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியத் தொடங்கும். ஆயில் கூலிங் எதற்கு, சிலிண்டரை எந்த உலோகத்தில் செய்கிறார்கள், ஒரே மாதிரியான இரண்டு பைக்குகளில் ஒன்று 40,000 கிலோமீட்டரில் புகை தள்ள, இன்னொன்று ஒரு லட்சத்தைத் தாண்டியும் சத்தமில்லாமல் ஓடுவது ஏன் என்று எல்லாவற்றுக்கும் அந்தப் படியிலிருந்து வழி போகிறது.

நெருப்புக்கும் சுவருக்கும் நடுவில்

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பிஸ்டன் செய்யப் பயன்படும் அலுமினியக் கலவைகள் 300 டிகிரியை நெருங்கும்போதே பலத்தைப் பெரிதும் இழந்துவிடும். இருந்தும் பிஸ்டன் பிழைத்துக்கொள்கிறது. நெருப்பு ஒரு கணம்தான் நீடிக்கிறது, உள்ளே இறங்கிய வெப்பத்தை உலோகம் உடனுக்குடன் வெளியே கடத்திவிடுகிறது என்பதே காரணம். கடத்துவது தடைபட்டால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும்.

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதியில் ஒரு பகுதி சைலன்சர் வழியே சூடான புகையாகப் போகிறது. இன்னொரு பகுதி பிஸ்டன், சிலிண்டர், அதன் மேல்மூடியான ஹெட் ஆகியவற்றின் உலோகத்துக்குள் இறங்குகிறது. 8 குதிரைத்திறன் தரும் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினால், அப்படி இறங்கும் வெப்பம் ஐந்தாறு இஸ்திரிப் பெட்டிகள் ஒரே நேரத்தில் வெளியிடும் வெப்பத்துக்குச் சமமாக இருக்கும். இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும் உலோகத் துண்டுக்கு இது சாதாரணச் சுமை இல்லை.

இப்போது இடைவெளிக்கு வருவோம். 50 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) உள்ள ஒரு சிறிய எஞ்சினில் பிஸ்டனின் பாவாடை எனப்படும் கீழ்ப்பகுதிக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விடப்படும் இடைவெளி ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் பாதி அளவு. இந்த அகலமுள்ள அலுமினிய பிஸ்டன் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர் விரிகிறது. அதே அகலமுள்ள வார்ப்பிரும்பு சிலிண்டர் அதில் பாதிதான் விரிகிறது. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஸ்டனின் தலைப்பகுதி 200 டிகிரி சூடேறினால் 0.2 மில்லிமீட்டர் பெருத்துவிடும். நாம் விட்டிருக்கும் இடைவெளியோ 0.03. அப்படியானால் எல்லா எஞ்சினும் முதல் நாளே இறுகிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிடிக்காததற்குக் காரணம் பிஸ்டனின் வடிவம். பார்வைக்கு அது நேரான உருளை போலத் தெரியும். மைக்ரோமீட்டரை வைத்து அளந்தால் உண்மை தெரியும்: தலைப்பகுதி குறுகி, கீழே வரவர அகன்று இருக்கும், மேலிருந்து பார்த்தால் சரியான வட்டமாக இல்லாமல் சற்றே நீள்வட்டமாகவும் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது கோணலாகவும் சூடான பிறகு சரியாகவும் இருக்கும்படி கடைந்தெடுத்த பொருள் அது. எஞ்சினைக் கிளப்பிய உடனே ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிஸ்டன் சீக்கிரம் சூடாகும், சிலிண்டர் மெதுவாகத்தான் சூடாகும். நடுவே உள்ள அந்தச் சில நிமிடங்களில் இடைவெளி மிகவும் இறுகிவிடும்.

இந்த அரை முடி இடைவெளிக்குள் ஒரு மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. எஞ்சினின் ஆயுள் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தப் படலத்தின் ஆயுள்தான். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் பிஸ்டன் ஒரு நொடிக்கு 100 முறை மேலே போய்க் கீழே வருகிறது. நடுவழியில் அது வேகமாக ஓடும்போது, தண்ணீரின் மேல் வழுக்கிச் செல்லும் படகுபோல ரிங் ஆயிலின் மேல் மிதந்து போகும். உலோகம் உலோகத்தைத் தொடாது. ஆனால் உச்சிக்குப் போனதும் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்ப வேண்டும். வேகம் பூஜ்யமானால் மிதக்கும் தன்மையும் போய்விடும். சரியாக அந்த இடத்தில்தான் வெடிப்பின் அழுத்தமும் சூடும் உச்சத்தில் இருக்கின்றன. படலம் அங்கேதான் அறுகிறது. ரிங் சுவரைத் தொடுகிறது. நகத்தில் இடறிய அந்தப் படி இப்படித்தான் உருவாகிறது.

சிலிண்டரை எதனால் செய்கிறார்கள்

பழைய வழி, முழுச் சிலிண்டரையும் வார்ப்பிரும்பில் செய்வது. வார்ப்பிரும்பு கடினமானது. அதிலுள்ள கிராஃபைட் துகள்கள் தாமே கொஞ்சம் வழுக்கும் தன்மையைத் தருவதால் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். குறை என்னவென்றால், அது வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அலுமினியக் கலவைகள் அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகக் கடத்தும். ஆனால் சாதாரண அலுமினியம் மென்மையானது, ரிங்கின் உரசலைத் தாங்காது.

அதனால் இரண்டையும் சேர்த்தார்கள். வெளியே சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் தகடுகளான ஃபின்களோடு அலுமினிய உடல், உள்ளே குழாய் போன்ற மெல்லிய வார்ப்பிரும்பு ஸ்லீவ். சாலையில் ஓடும் சிறிய பைக்குகளில் மிகப் பல இந்த வகைதான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்லீவை அழுத்திச் செருகியிருந்தால், இரண்டு உலோகங்களுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத காற்று இடுக்குகள் அங்கங்கே இருந்துவிடும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தம். ஆகவே அந்த இடங்களில் மட்டும் சுவர் அதிகம் சூடாகும். இதைத் தவிர்க்கத்தான் ஸ்லீவின் வெளிப்புறத்தைச் சொரசொரப்பாகவோ முள் முள்ளாகவோ வார்த்து, அதைச் சுற்றி உருகிய அலுமினியத்தை ஊற்றி இரண்டையும் ஒன்றோடொன்று கவ்வவைக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனால் ஸ்லீவே தேவையில்லை. அலுமினியச் சுவரின் மேல் நிக்கலும் சிலிக்கான் கார்பைடு துகள்களும் கலந்த பூச்சு ஒன்றை ஏற்றுகிறார்கள். ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-ல் ரோட்டரி எஞ்சின்களுக்காக உருவாக்கிய நிக்காசில் இந்த வகைக்கு முன்னோடி. பூச்சின் தடிமன் பொதுவாக 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே வெப்பத்துக்கு அது தடையாக இருப்பதில்லை. யமஹாவின் டயாசில் வேறு வழியில் போனது: அலுமினியத்தோடு ஏறத்தாழ 20 சதவீதம் சிலிக்கானைக் கலந்து சிலிண்டரை வார்த்து, சுவரிலேயே கடினமான சிலிக்கான் துகள்கள் நிறைந்திருக்கும்படி செய்துவிட்டார்கள். பிஸ்டனும் அலுமினியம், சிலிண்டரும் அலுமினியம் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரியும். அப்போது இடைவெளியை இன்னும் இறுக்கமாக வைக்கலாம்.

இரும்பு ஸ்லீவுக்குச் சாதகமான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தேய்ந்துபோனால் அதைக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனைப் போட்டு இன்னொரு வாழ்க்கை கொடுக்கலாம். பூச்சுள்ள சிலிண்டரை அப்படிக் கடைந்தால் பூச்சே போய்விடும். புதிதாகப் பூச வேண்டும் அல்லது சிலிண்டரையே மாற்ற வேண்டும். பூச்சுள்ளது தேய அதிக காலம் ஆகும், ஸ்லீவ் உள்ளதைத் திரும்பச் சரிசெய்யலாம். அடிக்கடி கடினமான வேலை வாங்கும் வண்டிக்கு நான் முதலாவதையும், நெடுங்காலம் வைத்துப் பழுது பார்த்து ஓட்ட நினைப்பவருக்கு இரண்டாவதையும் பரிந்துரைப்பேன்.

உலோகத்தைவிட முக்கியம் என்று நான் நினைப்பது வட்டம். சிலிண்டர் குளிர்ந்திருக்கும்போது மட்டுமல்ல, ஓடும்போதும் வட்டமாக இருக்க வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சினில் முன்புறத்தில் காற்று நேராக அடிக்கிறது. பின்புறம் காற்றின் மறைவில் கிடக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் எக்ஸாஸ்ட் வழி முன்பக்கம் இருப்பது தற்செயல் அல்ல. மிகச் சூடான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி வைத்திருக்கிறார்கள். அப்படியும் முன்னுக்கும் பின்னுக்கும், மேலுக்கும் கீழுக்கும் சூட்டில் வேறுபாடு இருக்கத்தான் செய்யும். சூடு அதிகமுள்ள பக்கம் அதிகம் விரியும். வட்டம் முட்டை வடிவமாகும். ரிங் வட்டமானது, அந்த முட்டை வடிவத்தின் ஓரங்களை அதனால் முழுமையாகத் தொட முடியாது.

அங்கேதான் சங்கிலி தொடங்குகிறது. ரிங் தொடாத இடுக்கு வழியே எரியும் வாயு கீழே கசியும். அது ஆயில் படலத்தை எரித்துவிடும். பிஸ்டனின் வெப்பத்தில் பெரும்பங்கு ரிங் வழியாகவே சுவருக்குப் போக வேண்டும். தொடர்பு அறுந்ததால் அந்த வழியும் அடைபடும். பிஸ்டன் இன்னும் சூடாகும், இன்னும் விரியும், படலம் இன்னும் மெலியும். ஒரே இடத்தில் தேங்கிய சூடு இப்படித்தான் முழு எஞ்சினையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, படிப்படியாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஒரு மூலையை அதிகமாக இறுக்கினால் போதும், சிலிண்டரின் வாய் நெளிந்துவிடும்.

சுவரின் மேற்பரப்பையும் உற்றுப் பாருங்கள். புதிய சிலிண்டருக்குள் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பிடித்தால், ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் வலைபோலத் தெரியும். சுவரைச் சாணைக்கல்லால் தேய்க்கும் ஹோனிங் வேலையில் வேண்டுமென்றே போட்ட கீறல்கள் அவை. ஒவ்வொரு கீறலும் ஆயிலைத் தேக்கி வைக்கும் சிறு வாய்க்கால். கண்ணாடிபோல மின்னும் சுவர்தான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். மின்னத் தொடங்கிவிட்டால் ஆயில் நிற்க அங்கே இடமில்லை என்று பொருள்.

ஒரு லிட்டர் ஆயிலின் வேலை

காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறோர் ஆயில். சிறிய பைக்கில் பெரும்பாலும் ஒரே ஆயில்தான் எல்லாவற்றையும் சுமக்கிறது. ஏறத்தாழ ஒரு லிட்டர். அது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் பேரிங்குகளில் வழுக்க வேண்டும், சிலிண்டர் சுவரில் படலமாக நிற்க வேண்டும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கு ஏற வேண்டும், கியர்களின் பற்களுக்கு நடுவே நசுங்க வேண்டும், கிளட்ச் தகடுகளை வழுக்கிவிடாமல் நனைக்க வேண்டும். கார் ஆயிலை இதில் ஊற்றக்கூடாது என்பதற்குக் காரணம் கிளட்ச். ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரக்குறி உள்ள ஆயில் இந்த ஈரக் கிளட்சை மனத்தில் வைத்துத் தயாரித்தது. எம்பி என்ற குறி உள்ளது உராய்வு குறைந்தது, உலர் கிளட்ச் கொண்ட ஸ்கூட்டர்களுக்கானது.

இத்தனைக்கும் மேலே குளிரவைக்கும் வேலையும் அதற்கு உண்டு. ஆயில் கூலர் இல்லாத எஞ்சினிலும் ஆயில் குளிரவைக்கிறது. பிஸ்டனின் அடிப்புறத்தில் சிதறி, சூட்டை வாங்கி, கீழே வடிந்து, எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் சுவர் வழியே காற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் மேலே போகிறது. ஃபின்கள் வெளியிலிருந்து செய்வதை ஆயில் உள்ளிருந்து செய்கிறது. பிஸ்டனின் அடிப்புறம், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இடம் ஆகியவற்றுக்கு ஃபின்கள் எட்டவே முடியாது.

குளிரவைப்பதில் தண்ணீர் ஆயிலைவிட மேல். ஒரு கிலோ தண்ணீர் அதே எடை ஆயிலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். ஆனால் தண்ணீருக்குத் தனி பம்ப், ரேடியேட்டர், குழாய்கள், சிலிண்டரைச் சுற்றித் தனி அறை எல்லாம் வேண்டும். ஆயில் ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. சூடான உலோகத்தைத் தொட்டாலும் தண்ணீரைப்போலச் சட்டென்று கொதித்து ஆவியாகாது. சிறிய எஞ்சினுக்கு இது நல்ல நடுவழி.

ஆனால் ‘ஆயில் கூல்டு’ என்ற ஒரே பெயரில் மிகவும் வேறுபட்ட அமைப்புகள் விற்கப்படுகின்றன என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். எளிய அமைப்பில் பம்பிலிருந்து வரும் ஆயிலின் ஒரு பகுதி முன்னால் உள்ள சிறிய கூலருக்குப் போய்க் காற்றில் ஆறித் திரும்புகிறது. சிலிண்டரில் ஃபின்கள் அப்படியே இருக்கும். இது முதலில் ஆயிலைக் காக்கிறது; எஞ்சினை மறைமுகமாகத்தான் குளிரவைக்கிறது. அடுத்தது, கிராங்க்கேஸிலிருந்து சிறு துளை வழியே பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீய்ச்சுவது. மூன்றாவது, ஹெட்டிலும் சிலிண்டரைச் சுற்றியும் ஆயில் ஓடுவதற்கென்றே பாதை அமைப்பது. சுசுகி 1985-ல் வெளியிட்ட ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 பைக்கில் எரியறையின் கூரைமேலும் பிஸ்டன்களின் அடியிலும் ஆயிலைப் பாய்ச்சி, தண்ணீரே இல்லாமல் நான்கு சிலிண்டர் எஞ்சினைக் குளிரவைத்தார்கள். அதே நிறுவனத்தின் 2019 ஜிக்ஸர் எஸ்எஃப் 250 பைக்கில் ஒற்றைச் சிலிண்டரைச் சுற்றி ஆயில் ஓடும் பாதை உண்டு. மூன்றாவது வகைதான் சிலிண்டரின் வட்டத்தை நேரடியாகக் காக்கிறது. முன்னும் பின்னும் ஒரே சூட்டில் இருக்கும்படி ஆயில் சுற்றிவருகிறது. காற்று வரும் திசையை நம்பி அது இல்லை.

ஆயில் தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும். 100 டிகிரியில் இருந்த பாகுத்தன்மை 130 டிகிரியில் ஏறத்தாழ பாதியாகிவிடும். பாகுத்தன்மை குறைந்தால் அரை முடி இடைவெளியில் நிற்கும் படலம் மெலியும். சூடு கூடக்கூட ஆயில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும் வேகமும் கூடும். 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது இந்தத் துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. ஆகவே கூலர் ஆயிலின் சூட்டை 20 டிகிரி குறைத்தால்கூட அதன் ஆயுளில் பெரிய மாற்றம் தெரியும். இதனாலேயே ஆயில் கூலரின் உண்மையான பலன் முதல் வருடத்தில் தெரியாது, ஐந்தாவது வருடத்தில்தான் தெரியும்.

மிகையான குளிர்ச்சியும் நல்லதல்ல. எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அவை ஆவியாகி வெளியேறும். இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியின் ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால்நிறக் களிம்பு ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். கூலர் இல்லாத வண்டிக்கு வெளியில் வாங்கிய பெரிய கூலரைப் பொருத்துகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. நீண்ட குழாய்களில் ஆயில் அழுத்தம் குறைந்துபோகும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

எல்லா எஞ்சினுக்கும் ஆயில் கூலர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 100 சிசி ஒற்றைச் சிலிண்டருக்கு அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு அதிகம். 8 குதிரைத்திறனின் சூட்டை ஃபின்களே ஆற்றிவிடும். 1970-களில் ஹோண்டா கொண்டுவந்த சிஜி125 காற்றால் மட்டுமே குளிர்ந்தது. அதில் கேம்ஷாஃப்ட்டை உச்சியில் வைக்காமல் கிராங்க்கேஸுக்குள்ளேயே வைத்து, புஷ்ராடுகள் என்ற நீண்ட கம்பிகள் மூலம் வால்வுகளைத் திறந்தார்கள். பராமரிப்புக் குறைவாக இருந்தாலும் கேம் எப்போதும் ஆயிலுக்கு அருகிலேயே இருக்கும். கூலர் இல்லாமலேயே நீடித்து உழைக்கும் என்று பெயரெடுத்த எஞ்சின் அது. 150 சிசி அளவில் இரண்டு மடங்கு திறனைப் பிழிந்தெடுக்கும்போதுதான் ஃபின்கள் திணறத் தொடங்குகின்றன.

ஓட்டுபவர் கையில் இருப்பது

ஒரு லிட்டரில் 300 மில்லி குறைந்தால் மீதி இருக்கும் ஆயில் அதே சூட்டைச் சுமந்து அடிக்கடி சுற்றிவர வேண்டும். ஆறுவதற்கு நேரம் கிடைக்காது. அதனால் ஆயில் மாற்றும் நாளைவிட ஆயில் அளவு பார்க்கும் நாள் முக்கியம். வண்டியை நேராக நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, கையேட்டில் சொன்ன முறையில் அளவுக்கோலைப் பாருங்கள். மூடியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

ஃபின்களிலும் கூலரிலும் படியும் சேற்றைக் கழுவிவிடுங்கள். ஃபின்களுக்கு நடுவே செருகியிருக்கும் சிறு ரப்பர் துண்டுகளைக் குப்பை என்று பிடுங்காதீர்கள். ஃபின்கள் அதிர்ந்து ஒலிப்பதை அடக்குவதற்காக வைத்தவை அவை. ஏர் ஃபில்ட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது சிலிண்டருக்குள் உப்புத்தாளைச் செலுத்துவதற்கு ஒப்பானது. நெரிசலில் நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் எஞ்சினை அணைத்துவிடுவது நல்லது. காற்றே வீசாத இடத்தில் ஃபின்களுக்கும் கூலருக்கும் வேலை இல்லை.

பல சிறிய எஞ்சின்களில் காகித ஃபில்ட்டருக்குப் பதிலாக, கிராங்க்கின் முனையில் சுழலும் கிண்ணம் போன்ற ஒரு ஃபில்ட்டர் இருக்கும். சுழற்சியில் அழுக்கும் உலோகத் தூளும் ஓரத்துக்கு ஒதுங்கி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மூடியைக் கழற்றினால் ஓரம் முழுவதும் மை போன்ற கரிய பசை அப்பியிருக்கும். அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் கவலையில்லை. வெயிலில் பிடித்தால் பொடிப்பொடியாக மின்னினால் உள்ளே எங்கோ உலோகம் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஆயில் பத்து முறை மாற்றியும் இந்தக் கிண்ணத்தை ஒருமுறைகூடத் திறக்காத வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை சிலிண்டர் அடியில் ஆயில் கசிகிறது என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். மீட்டரில் 80,000 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. காற்றால் குளிரும் சாதாரண எஞ்சின், உள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவ். பேக்கிங் மாற்றத் திறந்தபோது, வழக்கம்போல நகத்தை மேலிருந்து கீழே இழுத்தேன். படி இருந்தது; ஆனால் நகம் இடறவில்லை, லேசாக உரசிவிட்டுப் போனது. சிலிண்டரை வெளிச்சத்தில் சாய்த்தேன். பாதிக்குக் கீழே ஹோனிங் கோடுகள் இன்னும் வலைபோலத் தெரிந்தன. போரைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, ரிங்கின் முனை இடைவெளியையும் பார்த்தேன். எல்லாம் அனுமதித்த அளவுக்குள் இருந்தன. வண்டிக்காரரிடம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பெட்ரோல் போடும் நாளிலெல்லாம் ஆயில் அளவு பார்ப்பேன், கிளப்பியதும் முதல் கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுவேன் என்றார். அதே பிஸ்டனை, அதே ரிங்குகளோடு, அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்கும்படி திரும்ப இறக்கி, பேக்கிங்கை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.